முதலை, பாம்பு, உடும்பு: காட்டில் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இயற்கை நடைகளுக்கு வருபவர்கள் ஊர்வனவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டுச் சூழலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முதல் சில கேள்விகள் புதிதாக வருபவர்களுக்கானவை. பாம்பு அடையாளத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்.

தமிழ்நாட்டுல காட்டு முதலையை எங்கே பார்க்கலாம்? பண்ணையில பார்த்தாச்சு.

உடுமலைப்பேட்டை அருகே அமராவதி அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி, மாயாறு, அது வந்து சேரும் பவானிசாகர், ஒகேனக்கல் பக்கத்துக் காவிரி, அணைக்கரையிலிருந்து சிதம்பரம் வரையுள்ள கொள்ளிடக் கரை. இவை எல்லாவற்றிலும் இருப்பது சதுப்புநில முதலை ஒன்றுதான். உவர்நீர் முதலையைப் பார்க்க ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம் அல்லது அந்தமான் போக வேண்டும். நீண்ட மெல்லிய மூக்குள்ள கரியாலுக்குச் சம்பல் நதி.

அமராவதியும் மாயாறும் புலிகள் காப்பகங்களுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியும் கூட ஒரு வனக்காவலரும் இல்லாமல் நீர்க்கரைக்குப் போகக் கூடாது. மாயாற்றங்கரையில் முதலையைவிட யானைதான் அதிக ஆபத்து.

எந்த மாசம், எத்தனை மணிக்குப் போனா கண்ணுல படும்?

முதலை வெளியே வருவது வெயில் காயத்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் தண்ணீர் குளிர்ந்துவிடும். அதனால் காலை எட்டு மணிக்கு மேல் கரையேறி, பதினொன்று பன்னிரண்டு வரைகூட அசையாமல் கிடக்கும். இதுதான் நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் நீர்மட்டம் இறங்கி முதலைகள் மிச்சமிருக்கும் மடுக்களில் சேர்ந்துவிடுவதால் எண்ணிக்கை அதிகமாகவே தெரியும். ஆனால் ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும், அவை தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் போனால் விடிந்ததும் ஒரு மணி நேரம், பிறகு மாலை ஐந்துக்கு மேல்.

மழை பெய்து வெள்ளம் ஓடும்போது போவது வீண். கரை மூழ்கியிருக்கும், நீர் கலங்கியிருக்கும், முதலைகள் இடம் மாறியிருக்கும்.

கையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

முதலில் பைனாகுலர். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், படகில் அது பயன்படாது. கணுக்காலை மூடும் ஷூ, தடித்த துணியில் தொளதொளப்பான முழுக்கால் சட்டை. வயல், சதுப்பு என்றால் முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ். இலைச்சருகை விலக்கிப் பார்த்து நடக்க ஒரு நீளக் கம்பு. கிரேப் பேண்டேஜ் இரண்டு, குறிப்பேடு, பென்சில், தண்ணீர்.

இரவு நடைக்கு நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று, கையில் இன்னொரு டார்ச். இரண்டு ஏன் என்று கேட்பார்கள். ஒன்று அணைந்தால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கக் கூடாது என்பதற்காக. பாம்பு பிடிக்கும் கொக்கி வேண்டவே வேண்டாம்.

வாயை ஆவென்று திறந்துகிட்டே படுத்திருக்கே, கோபமா?

இல்லை. உடல் சூடு போதுமான அளவுக்கு ஏறியதும் வாயின் ஈரமான உட்புறம் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது. சில நேரம் மேகமூட்டத்திலும் திறந்து வைத்திருக்கும், அதனால் சூடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பார்க்கிறவருக்கு முக்கியமானது இது: வாய் திறந்து கிடக்கும் முதலை நிம்மதியாக இருக்கிறது. அது வாயை மூடினால் உங்களைக் கவனித்துவிட்டது. அடுத்துத் தலையைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கும். அதன் பின் முன்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவரும். இந்த மூன்றாவது நிலைக்கு அப்புறம் நீரில் சரிவதற்கு ஒரு நொடி போதும்.

வாய் மூடிய உடனே நின்றுவிடுங்கள், இரண்டடி பின்வாங்குங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் மறுபடி வாய் திறக்கும். அந்தத் தூரம்தான் அன்றைக்கு அந்த முதலைக்குச் சரியான தூரம்.

எவ்வளவு தள்ளி நிக்கணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

தரையில் கிடக்கும் முதலைக்கு முப்பது மீட்டர். அதற்கும் முன்பே அது மேலே சொன்ன அறிகுறிகளைக் காட்டினால் அறிகுறியைத்தான் நம்ப வேண்டும், கணக்கை அல்ல. கலங்கிய தண்ணீரின் விளிம்பிலிருந்து, முதலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஐந்து மீட்டர். முதலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். தப்பிக்க அது ஓடும் பாதை நீங்கள் நிற்கும் இடம்தான்.

பாம்புக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரியன் தன் நீளத்தில் பாதி தூரத்துக்குள்தான் பொதுவாகப் பாய்ந்து கொத்தும். மூன்று மீட்டர் என்பது அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் புதரில் கால் இடறினால் ஒரு மீட்டர் நொடியில் போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

தண்ணியில ஒண்ணுமே தெரியலையே, கை கால் கழுவிக்கலாம்தானே?

வேண்டாம். முழங்கால் ஆழம் இருந்தாலே பெரிய முதலை முழுதாக மறைந்துவிடும். மேலே வந்தாலும் மூக்கு நுனியும் கண் மேடும் மட்டும்தான் தெரியும். ஒரே இடத்தில் தினமும் துணி துவைப்பது, மாடு கழுவுவது, மீன் கழிவைக் கொட்டுவது, இவைதான் கொள்ளிடக் கரையில் தாக்குதலுக்கு வழி செய்பவை. முதலை அந்த நேரத்தையும் இடத்தையும் பழகிக்கொள்கிறது. பார்வையாளரும் நேற்று உட்கார்ந்த அதே நீர்விளிம்பில் இன்றும் உட்காரக் கூடாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தாய் முதலை கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும், 25 முதல் 30 வரை இருக்கும். சுமார் இரண்டு மாதம் அந்த இடத்தைச் சுற்றியே காவல் இருக்கும். குஞ்சுகள் பொரியும் தருவாயில் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். கரையருகே மண்ணுக்குள்ளிருந்தோ நாணலுக்குள்ளிருந்தோ ‘ங்கம்… ங்கம்’ என்று தொண்டையடைத்த சின்னச் சத்தம் கேட்டால், எங்கே என்று தேடாமல் வந்த வழியே திரும்புங்கள். தாய் பக்கத்தில் இருக்கும்.

மணல்ல ஒரு தடம் இருக்கு. முதலையா, உடும்பா?

நடுவில் வால் இழுபட்ட கோடு இரண்டுக்கும் உண்டு. உடும்பின் கோடு ஒடுங்கி, பாம்பு போல நெளிந்து போகும். முதலையுடையது அகலம், வளைவு குறைவு. அடுத்து விரல்களை எண்ணுங்கள். முதலைக்கு முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. உடும்புக்கு நான்கு காலிலும் ஐந்து, ஒவ்வொரு விரலின் நுனியிலும் நகம் குத்திய புள்ளி தெளிவாக விழும்.

கரைச் சரிவில் வழவழவென்று தேய்த்துவிட்டது போன்ற ஒரு பள்ளம் நேராகத் தண்ணீருக்குள் போனால் அது முதலை சறுக்கிய இடம். ஓரங்களில் மண் இன்னும் ஈரமாக இருந்தால் நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் இறங்கியிருக்கிறது. இன்னொன்று, சதுப்புநில முதலைகள் கரையில் வளை தோண்டும். மேட்டுக்கரையின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே வளை இருந்து கரை சரியலாம்.

தலை மட்டும்தான் தெரியுது. எவ்வளவு பெருசு இருக்கும்?

மூக்கு நுனியிலிருந்து மண்டையின் பின்விளிம்பு வரை உள்ள நீளத்தை ஏழால் பெருக்குங்கள். தலை 40 செ.மீ. என்றால் முதலை ஏறக்குறைய 2.8 மீட்டர். தலையை அளக்கப் பக்கத்தில் தெரியும் ஏதாவதொன்றோடு ஒப்பிட வேண்டும். கரையில் ஒரு கொக்கு நிற்கும், அல்லது முதலை போன பிறகு அது கிடந்த பாறையைத் தூரத்திலிருந்தே கணிக்கலாம். வெறும் கண் மதிப்பில் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். நான்கு மீட்டர் தாண்டிய சதுப்புநில முதலை அபூர்வம்.

பாம்பைத் தேடிப் போனா ஒண்ணும் கிடைக்கல. தேடாம இருந்தா வீட்டுக்கே வருது. என்ன பண்றது?

நடையின் வேகம்தான் குறை. ஒரு மணி நேரத்தில் 500 மீட்டருக்கு மேல் நடந்தால் நீங்கள் பாம்புகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தரை, இடுப்பு உயரம், தலைக்கு மேல் என மூன்று அடுக்காகப் பாருங்கள். பச்சைப்பாம்பு இடுப்பு உயரத்துப் புதரில்தான் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் மலபார் குழிவிரியன் ஓடையோரக் கிளையிலோ பாசி படர்ந்த பாறையிலோ ஒரே இடத்தில் நாள்கணக்கில் இருக்கும். இன்று பார்த்த இடத்தில் நாளையும் பார்க்கலாம்.

சமவெளியில் வறண்ட காலத்துக்குப் பின் பெய்யும் முதல் மழைக்கு மறுநாள் மாலை நல்ல நேரம். கல்லைப் புரட்டித் தேடும் பழக்கத்தைப் பலர் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். கல்லடியின் ஈரமும் இருட்டும் சேர்ந்துதான் அது குடியிருப்பு. ஒருமுறை புரட்டிச் சரியாக மூடாமல் விட்டால் அந்தக் கல் பல மாதங்களுக்கு எதற்கும் உதவாது. புரட்டாதீர்கள்.

அடையாளங்களைப் படிப்பதும் ஒரு வழி. பாம்பு உரித்த சட்டை, எச்சம், வளை வாயில் பாம்பு போய்வந்ததால் மழமழப்பான மண். இருளர்கள் பாம்பைக் கண்டுபிடிப்பது இவற்றை வைத்துத்தான். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1976-இல் அமைந்த முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். காட்டுக்குப் போகும் முன் அங்கே போய் நான்கு முக்கிய நச்சுப் பாம்புகளையும் (நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்) உயிரோடு பார்த்துவிட்டு வந்தால், படத்தில் கற்காத பலவும் பிடிபடும்.

ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணு மின்னும்னு சொல்றாங்க. எல்லாத்துக்குமா?

முதலையின் கண் ஆரஞ்சு கலந்த சிவப்பில் நன்றாக மின்னும். ஆனால் விளக்கு உங்கள் கண் மட்டத்தில் இருந்தால்தான் அது தெரியும், ஏனென்றால் ஒளி வந்த திசைக்கே திரும்புகிறது. கையை இடுப்பில் வைத்து டார்ச் அடிப்பவருக்கு எதுவும் தெரியாமல், நெற்றி விளக்கு கட்டியவருக்கு மட்டும் ஐந்து முதலை தெரிவது இதனால்தான். புல்லில் ஊசிமுனையளவு பச்சையாக மின்னுவது சிலந்தி. பாம்பின் கண் அப்படி மின்னாது. செதில் பளபளப்பையும் உடல் வளைவையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பச்சோந்தியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இரவில்தான் போக வேண்டும். பகலில் இலைக்குள் கரைந்துவிடும். இரவில் கிளை நுனியில் வாலைச் சுருட்டித் தூங்கும்போது நிறம் வெளிறி, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். வேலியோர ஓணானைப் பச்சோந்தி என்று பலர் காட்டுகிறார்கள். ஓணானின் கண் சாதாரணக் கண். பச்சோந்திக்கு இரண்டு கண்ணும் கூம்பு போல வெளியே நீண்டு, தனித்தனித் திசையில் திரும்பும். தூங்குவதன் மீது பத்து நொடிக்கு மேல் ஒளியை நிறுத்தாதீர்கள்.

கட்டுவிரியனையும் ஓநாய்ப் பாம்பையும் எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் கறுப்பு, ரெண்டுலயும் வெள்ளைக் கோடு.

கோடு எங்கே ஆரம்பித்து எங்கே மங்குகிறது என்று பாருங்கள். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பில் கழுத்துப் பக்கம் பட்டை தெளிவாக, அகலமாக இருந்து, வாலை நோக்கிப் போகப் போக மங்கும். வளர்ந்த கட்டுவிரியனில் நேர் எதிர். முன்பகுதியில் கோடு இருக்காது அல்லது புள்ளியாக இருக்கும், பின்பகுதியில் மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாகத் தெளிவாக வரும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன்தான். இதைப் பைனாகுலரிலோ பெரிதாக்கிய படத்திலோ பாருங்கள், குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

சுவரில் ஏறி நிற்பது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. ஆனால் குட்டிக் கட்டுவிரியனில் கோடுகள் கழுத்து வரை வரலாம். பிரித்தறிய முடியாவிட்டால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சேன், கண்ணாடி விரியன்னு சொல்றாங்க.

உயிரைப் பறிக்கும் குழப்பம் இதுதான். கண்ணாடி விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக, சங்கிலி போல ஒழுங்காக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம், அதைச் சுற்றி வெளிறிய ஓரம். செதில்கள் சொரசொரப்பு, ஒளி பட்டால் பளபளக்காது. மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றுக்கொன்று அளவில் ஒவ்வாமல் கோணல்மாணலாக இருக்கும், தோல் மினுமினுக்கும். சொரசொரப்பான மண்ணுளிப் பாம்பும் விரியன் போலத் தோன்றும். அதன் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வால் குட்டையாக முடியும்.

நெருங்கினால் கண்ணாடி விரியன் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். சுருட்டை விரியன் சீறாது. உடலை மடித்து மடித்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசும், மரத்தை ரம்பத்தால் அறுக்கும் ஒலி வரும். தலை நடுவில் அசையாமல் நிற்க, மடிப்புகள் மட்டும் எதிரெதிராக நகர்ந்துகொண்டே இருப்பதை மூன்று மீட்டரிலிருந்தே தெளிவாகப் பார்க்கலாம்.

சாரையும் நல்லபாம்பும் பிணைஞ்சு ஆடுறதைப் பார்த்தேன். நிஜமாவே இணை சேருமா?

சேராது. நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள். உடலை முறுக்கிக்கொண்டு முன்பகுதியை உயர்த்தி, ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும். கடிக்காது. தோற்றது விலகிப் போகும். இது நெடுநேரம் நீடிக்கலாம், அந்த நேரத்தில் சுற்றியுள்ளவர்களைக் கவனிக்காது என்பதால் பார்ப்பதற்கு அருமையான வாய்ப்பு. உண்மையான இணைசேர்க்கையில் பாம்புகள் எழும்பி ஆடுவதில்லை. தரையோடு தரையாக நீண்டு கிடந்து வால்பகுதியை மட்டும் பிணைத்துக்கொள்ளும்.

பிணைந்திருக்கும் பாம்புகள் மேல் துணி போடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் போட விடாதீர்கள்.

கடிச்ச ஆள் செத்தாரான்னு கொம்பேறி மூக்கன் சுடுகாட்டுக்கு வந்து பார்க்குமாமே? பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமா?

இரண்டும் இல்லை. கொம்பேறி மூக்கன் நஞ்சில்லாத, மரமேறும், ஓணானும் தவளையும் தின்னும் பாம்பு. பச்சைப்பாம்பு அசையாமல் கிளை போல நீட்டி நிற்கும்போது நாம் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் முகத்தில் படலாம், அவ்வளவுதான். அதன் நஞ்சு லேசானது, மனிதருக்கு ஆபத்தில்லை.

பாம்பு அசையாம அமைதியா இருக்கு. மொபைல்ல கிட்டப் போய் ஒரு படம்?

அசையாமல் இருப்பது அமைதி அல்ல, பெரும்பாலும் மறைந்திருக்கும் முயற்சி. நாக்கைக் கவனியுங்கள். நீட்டி இழுக்கும் வேகம் கூடினால் உங்களை ஆராய்கிறது. கழுத்து ‘S’ போல மடங்கிப் பின்னுக்குப் போனால் கொத்தத் தயார். வால் நுனி சருகில் படபடத்தால் எச்சரிக்கை. எதைப் பார்த்தாலும் பின்வாங்க வேண்டும்.

படத்துக்கு 300 மி.மீ. லென்ஸ் போதும். மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள்தான் குழிவிரியனிடம் ஆபத்தான தூரத்துக்குப் போகிறார்கள். மொபைல்தான் இருக்கிறது என்றால் பைனாகுலரின் ஒரு கண் வழியாக எடுத்துப் பாருங்கள், கொஞ்சம் பழகினால் அடையாளம் காணப் போதுமான படம் வரும்.

நான் பிடிக்கக் கத்துக்கிட்டவன். பிடிச்சுப் பார்த்துட்டு அங்கேயே விட்டுட்டா தப்பா?

தப்பு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. முதலை, மலைப்பாம்பு, உடும்பு ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. அந்தக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், பிடித்த பாம்பிடம் பார்க்க ஒன்றுமில்லை. அது இரை தேடாது, வெயில் காயாது, தப்பிக்க மட்டும் பார்க்கும். இரை விழுங்கியிருந்தால் கக்கிவிடும், பல நாள் உணவு போச்சு.

இவ்வளவு கவனமா இருந்தும் கடிச்சிட்டா?

பாம்பிலிருந்து விலகி உட்காருங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கடிகாரம், இறுக்கமான ஷூ எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ கம்பு, அட்டை எதையாவது வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் கட்டுங்கள். கிரேப் பேண்டேஜ் அதற்குத்தான், ரத்த ஓட்டத்தை நிறுத்த அல்ல. நேரத்தைக் குறித்து 108-க்கு அழையுங்கள். நடக்க வைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் கூடாது. பாம்பைத் துரத்தவும் வேண்டாம். மருத்துவர் அறிகுறிகளையும் ரத்தம் உறைகிறதா என்ற 20 நிமிடச் சோதனையையும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்குவார்.

கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். ‘ஒன்றுமில்லை’ என்று படுத்துவிடுவதுதான் சாவுக்குக் காரணம். கண் இமை தொங்கினால், விழுங்கச் சிரமப்பட்டால் மூச்சுத் தசைகளுக்கும் அது பரவும். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியனுக்கும் ராஜநாகத்துக்கும் அல்ல. மலைக்காட்டில் தூரம் காக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே, ஏனென்றால் முறிக்க வேண்டிய நஞ்சு ஒரே அளவு.

கடலாமையும் ஊர்வனதானே? சென்னையில எப்போ பார்க்கலாம்?

ஆம். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் கரையேறி நூற்றுக்கு மேல் முட்டையிடும். 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடை நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரைகளில் நடக்கிறது. தனியாகப் போகாமல் அவர்களோடு போங்கள். முதலைக்குச் சொன்ன விளக்கு இங்கே செல்லாது. வெள்ளை ஒளி பட்டால் கரையேறும் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு ஒளியை நோக்கிப் போகும். மொபைல் திரையும் வெள்ளை ஒளிதான்.

பார்த்த இடத்தை இன்ஸ்டாகிராம்ல போடலாமா?

மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். நட்சத்திர ஆமை, மண்ணுளி, உடும்பு ஆகியவற்றைக் கடத்துபவர்களும் அதே பதிவுகளைப் படிக்கிறார்கள். படத்தின் பின்னணியில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ இருந்தால் வெட்டிவிடுங்கள். பதிவேற்றும் முன் படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமென்றால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி இருக்கிறது.

ரோட்டுல அடிபட்டுச் செத்த பாம்பு கிடந்தா, அதைத் தொட்டுப் பார்க்கலாமா?

தலைப்பக்கம் கை போகக் கூடாது. செத்த பாம்பின் தலைகூடச் சில மணி நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கும், நஞ்சும் இறங்கும். வண்டி வராததைப் பார்த்துவிட்டு, நீளக் கம்பால் ஓரத்துக்கு நகர்த்துங்கள். அதைத் தின்ன வரும் பருந்தும் கீரியும் அடுத்து அடிபடாமல் இருக்க அது உதவும்.

பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து நான்கு படம் எடுங்கள்: முழு உடல், தலை மேலிருந்து, தலை பக்கவாட்டில், கம்பால் புரட்டி வாலின் அடிப்பகுதி. வாலடிச் செதில்கள் ஒற்றையா இரட்டையா என்பது அடையாளத்துக்கு உதவும். கட்டுவிரியனுக்கு ஒற்றை, ஓநாய்ப் பாம்புக்கு இரட்டை. உயிருள்ள பாம்பில் பார்க்க முடியாத இந்த வேறுபாட்டை இங்கே பொறுமையாகப் பார்க்கலாம். நேரம், இடம், மழை பெய்திருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சாலையில் இப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால், இரவு வேகக் கட்டுப்பாடு கேட்டு வனத்துறையிடம் கொடுக்க அதுவே சான்று.